காலை எடுத்தால் நின்றுவிடும் வண்டி

போன மாதம் எங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் சங்கக் கூட்டத்தில், புதிதாக வயரிங் வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் எழுந்து, “அண்ணாச்சி, ஒங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான கோளாறு எது?” என்று கேட்டார். ஏதோ ஒரு லாரியில் எரிந்துபோன வயரிங்கைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் சிரித்து மழுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உண்மையான பதிலைச் சொல்ல ஆரம்பித்தால் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். அந்தத் தப்பினால் ஒரு மனிதர் எழுந்திருக்கச் சக்தியில்லாமல், ரயில் தண்டவாளத்தின்மேல் நின்ற காருக்குள் படுத்திருந்தார். அத்தனை பேர் முன்னால் வாயால் சொல்ல முடியவில்லை. எழுதினால் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு குறுக்குத் தெருவில் என் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இருந்தது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அந்நாளில் நம் பக்கம் ஓடிய கார்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வகைதான். எதில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தாலும் உள்ளே பாயிண்ட் இருக்கும். பாயிண்ட் திறந்து மூடும்போது பிளக்கில் நெருப்புப் பொறி விழும். கரி பிடித்தால் தேய்ப்போம், தீய்ந்தால் மாற்றுவோம். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை.

பகவதி டீச்சர் கொண்டுவந்த கார் அந்த வகையில் சேராதது. எழுபதுகளில் வெளிநாட்டில் செய்த, பழுப்பு நிறத்தில் நீளமான வண்டி. மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றது. அதன் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் கிடையாது. பல் வைத்த சின்னச் சக்கரம் ஒன்று சுற்றும். பக்கத்தில் ஒரு குட்டிக் காயில், அதாவது கம்பிச்சுருள், உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது அந்தக் காயிலில் பிறக்கும் சின்ன மின்சாரம், இரண்டு மெல்லிய வயர்கள் வழியாகப் பேட்டரிக்குப் பக்கத்திலுள்ள கறுப்புப் பெட்டிக்குப் போகும். எப்போது பொறி விழ வேண்டும் என்று முடிவுசெய்வது அந்தப் பெட்டிதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று அப்போது நெல்லையில் எந்த மெக்கானிக்குக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் தெரிந்தவன்போல நடந்துகொள்ள எனக்கு நன்றாகத் தெரியும்.

டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். கல்லிடைக்குறிச்சியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தார். அவர் கணவர் ரிஜிஸ்டர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும். பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து வர அவரால் முடியாது. அந்தக் காரின் பின்சீட்டில் தலையணை போட்டுப் படுத்தபடி வருவார். அதற்காகவே டீச்சர் நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மாசமா இப்பிடித்தான் அண்ணாச்சி” என்றார் முதல் நாள். “நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். சூடாயிட்டுன்னா திடீர்னு நின்னுருது. கால் மணி நேரம் போட்டு வச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது. நான் ஒண்ணு கவனிச்சேன். ஒவ்வொரு தடவையும் நான் கால...”

“சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. அவ்வளவுதானே டீச்சர்? புரிஞ்சிட்டு. நான் பாத்துக்கிடுதேன்.”

அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். முகத்தில் வருத்தம்கூட இல்லை. கடைக்காரனுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார். கார் ஓட்டி இரண்டே வருஷமான ஒரு பெண்பிள்ளை இன்ஜினைப் பற்றி எனக்கு என்ன சொல்லிவிடப் போகிறார் என்பது என் நினைப்பு. அதை இன்று எழுதும்போது கை கூசுகிறது.

மீட்டரை எடுத்து எல்லாம் பார்த்தேன். பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய காயில் சரி. பிளக் வயர்கள் சரி. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த குட்டிக் காயிலின் இரண்டு வயர்களிலும் மீட்டர் முனையை வைத்தேன். முள் ஒழுங்கான இடத்தில் போய் நின்றது. பாக்கி இருந்தது கறுப்புப் பெட்டி மட்டும். சூடு ஏறினால் இந்த மாதிரிப் பெட்டிகள் செத்துப்போகும், ஆறினால் உயிர் வரும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். பெட்டிதான் என்று முடிவுகட்டினேன். சென்னையில் பழைய வெளிநாட்டு வண்டிச் சாமான் விற்கும் ஒரு கடையில் சொல்லிவைத்து, இரண்டு வாரம் கழித்து லாரி பார்சலில் பெட்டி வந்தது. அதுவரை டீச்சர் அந்த வண்டியிலேயே, வழியில் எங்கே நிற்குமோ என்ற பயத்தோடு, வந்து போய்க்கொண்டிருந்தார்.

புதுப் பெட்டியை மாட்டினேன். தச்சநல்லூர் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். கம்மென்று ஓடியது. டீச்சர் வந்து சாவியை வாங்கும்போது கேட்டார்.

“இனி நிக்காதுல்லா?”

“நிக்காது டீச்சர்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா. நீங்க தைரியமாப் போங்க.”

தம்பிகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த வண்டி என் கண் முன்னால் ஒரு தடவைகூட நின்றதில்லை. நிற்காத வண்டியில் ஒரு சாமானை மாற்றிவிட்டு, நிற்காமல் ஓடுகிறது பார் என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். மாற்றுவதற்கு முன்னாலும் அது தச்சநல்லூர் வரை அப்படித்தான் ஓடியிருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்காரர் வந்து எனக்கு போன் என்றார். போய் எடுத்தேன்.

“அண்ணாச்சி, பகவதி பேசுதேன். ஆஸ்பத்திரியில இருந்து. வண்டி நின்னுட்டு.”

“எங்கன டீச்சர்?”

“சேரன்மாதேவிக்கு முன்னால ரயில்வே கேட்டுல. தண்டவாளத்து மேல.”

அவர் குரல் ஏறவே இல்லை. வகுப்பில் கணக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட் திறந்துதான் இருந்தது. மேடு ஏறி வேகத்தைக் குறைத்ததும் நின்றுவிட்டது. எத்தனை தடவை சாவியைத் திருப்பினாலும் ஓடவில்லை. அதற்குள் கேட்டை அடைக்கச் சொல்லி மணி அடித்துவிட்டது. கேட்கீப்பர் கையைத் தட்டிக் கத்த, பக்கத்து வயலில் நடுகை நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேற்றுக் காலோடு ஓடிவந்து தள்ளியிருக்கிறார்கள். வண்டி அந்தப் பக்கம் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் செங்கோட்டை ரயில் போயிருக்கிறது.

“பின்சீட்டுல இருந்து அவுக என்னைய இறங்கச் சொன்னாக. நீயாவது இறங்கு, இறங்குன்னு ரெண்டு மூணு தடவ சொன்னாக. நான் இறங்கல” என்றார். பிறகு, “வண்டி ஆறி, ஸ்டார்ட் ஆயி, ஆஸ்பத்திரிக்கு வர லேட்டாயிட்டு. மிஷினை அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாங்க. இன்னைக்குப் பாதி நேரந்தான் போட முடியுமாம்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

அன்றைக்கு மாலை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டேன். அவர்கள் யாரோ உறவினர் வண்டியில் ஊருக்குப் போனார்கள். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது வண்டியை என் முன்னால் நிற்க வைத்துவிட வேண்டும் என்று கங்கைகொண்டான் வரை ஓட்டினேன், திரும்பினேன், மறுபடி ஓட்டினேன். விரட்டி விரட்டி ஓட்டினேன். இன்ஜின் கொதித்தது. நிற்கவே இல்லை. பெரிய காயிலை மாற்றினேன். பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பார்த்தேன். பெட்ரோல்தான் கோளாறு, என் வேலையில் குறையில்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்றுகூட ஞாயிற்றுக்கிழமை ஒரு யோசனை வந்தது. சொன்னால் நம்புவார்கள். இன்னொரு மெக்கானிக் பெட்ரோல் பைப்புகளை எல்லாம் பிரிப்பான். வண்டி மறுபடியும் எங்கேயாவது நிற்கும். அந்தப் பழி எனக்கு வராது. இந்த யோசனை எனக்கு வந்தது என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. உங்களுக்கும் ஒருநாள் வரும்.

திங்கட்கிழமை சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு போன் செய்தேன்.

“என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியல டீச்சர். போன வாரம் தெரியும்னு சொன்னது தப்பு. நாளைக்கு டாக்சி பிடிச்சிப் போயிருங்க.”

“கேட்டுட்டேன் அண்ணாச்சி. நாளைக்கு ஊர் ஊருக்குக் கோயில் கொடை விழா. இங்கன இருக்க ரெண்டு டாக்சியும் கொடைக்கு ஆள் ஏத்தப் போவுது. அம்பாசமுத்திரத்துலயும் கேட்டாச்சி. அவுகளுக்கு இப்பவே காலெல்லாம் வீங்கிட்டு. மூச்சு வாங்குது. நாளைக்குப் போகாம முடியாது.”



“வண்டியக் கொண்டு வாரேன். நானும் கூட வாரேன்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கிளம்பி ஏழு மணிக்குக் கல்லிடைக்குறிச்சி போய்ச் சேர்ந்தேன். வழியில் ஒரு தும்மல்கூட இல்லை. டீச்சரும் பக்கத்து வீட்டுக்காரரும் சாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். முகம் உப்பியிருந்தது. ஒவ்வொரு மூச்சும் சளியைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல ஒரு சத்தம். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

நான் ஓட்டப் போனேன். பிறகு என்ன தோன்றியதோ, “நீங்களே ஓட்டுங்க டீச்சர். நான் பக்கத்துல இருந்து பாக்குதேன்” என்றேன். மூன்று நாள் என் கையில் நிற்காத வண்டி அவர் கையில் ஏன் நிற்கிறது என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள் முளைத்திருந்தது.

டீச்சர் ஓட்டுவது எனக்கு நேர் எதிர். படுத்திருக்கும் மனிதர் குலுங்கக் கூடாது என்று, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலரேட்டரில் லேசாகக் கால் வைத்து ஒரே சீராக ஓட்டினார். வீரவநல்லூர் தாண்டினோம். ரயில்வே கேட் வந்தது. திறந்திருந்தது. டீச்சர் தூரத்திலேயே, ஆக்சிலரேட்டரை விடாமல் கிளட்சை மிதித்துக் கைபிரேக் போட்டு, ஓரமாக நிறுத்திவிட்டார். நான் இறங்கிப் போய்க் கேட்கீப்பரிடம் ரயில் ஏதும் வருகிறதா என்று கேட்டேன். அவர் காரைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். “ஏ அய்யா, இந்த வண்டியா! அரை மணிக்கு ஒண்ணுமில்ல, சீக்கிரம் தாண்டுங்க” என்றார். முதல் கியரிலேயே, காலை எடுக்காமல், இரைந்துகொண்டு தண்டவாளத்தைத் தாண்டினோம். பின்சீட்டிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

பத்தமடை தாண்டி இரண்டு பக்கமும் வயல். எதிரே வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று ரோட்டைக் கடந்தது. டீச்சர் காலை எடுத்தார். இன்ஜின் நின்றது.

பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி இருமும், இழுக்கும், தள்ளாடும். இது அப்படி நிற்கவில்லை. நூலைக் கத்தரித்ததுபோல ஒரே வெட்டாக நின்றது. இப்படி நிற்பது மின்சாரக் கோளாறுதான் என்று எனக்கு அந்த நொடியில் தெரிந்தது. “இருமி நிக்குதா, பட்டுன்னு நிக்குதா?” என்று முதல் நாள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெட்ரோல் பம்பைத் தொட்டே இருக்க மாட்டேன்.

“பாத்தியளா? கால எடுத்த ஒடனே” என்றார் டீச்சர்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

“டீச்சர், மொத நாள் என்னமோ சொல்ல வந்திய. ஒவ்வொரு தடவையும் நான் காலன்னு.”

“அதத்தான் சொல்லுதேன். அமுக்கிக்கிட்டு இருக்கும்போது ஒரு தடவகூட நின்னதில்ல. மாடு வரும், வேகத்தடை வரும், கேட் வரும். கால எடுப்பேன், நிக்கும். வேகமாப் போகும்போது எடுத்தா நிக்காது. ரொம்ப நேரம் ஒரே மாதிரி போயிட்டு எடுத்தாத்தான்.”

இரண்டரை வாரத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். பேச நேரமில்லை. தூரத்தில் ஒரு பஸ் வந்தது. முதலில் ஆள், அப்புறம் வண்டி என்று முடிவுசெய்து கையைக் காட்டி நிறுத்தினேன். கண்டக்டர் நல்ல மனிதர். இறங்கி வந்து ஒரு பக்கம் தாங்கினார். ஆனால் சாரை நிமிர்த்தியதுமே அவருக்கு மூச்சு நின்று நின்று வந்தது. உதடு நீலமானது. பஸ் படியில் ஒரு காலை வைக்கத் தூக்கினார், முடியவில்லை. “படுக்க வையுங்க, படுக்க வையுங்க” என்று டீச்சர் பதறினார். மறுபடி காருக்குள் கிடத்தினோம். பஸ் போய்விட்டது.

பானெட்டைத் திறந்தேன். என்ன நகருகிறது? காலை எடுத்தால் இந்த இன்ஜினில் என்ன நகருகிறது? இதை மட்டும் யோசித்தேன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிறது. லேசாக அமுக்கிச் சீராக ஓட்டும்போது அந்தக் குழாய் வழியாக இன்ஜின் காற்றை உறிஞ்சும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தட்டு ஒரு பக்கமாகத் திரும்பும். காலை எடுத்தால் உறிஞ்சுவது நின்று தட்டு பழைய இடத்துக்கு வரும். விரட்டி ஓட்டினால் தட்டு அவ்வளவாக அசைவதில்லை. எனக்கு ஏன் நிற்கவில்லை என்பதற்குப் பதில் அங்கேயே இருந்தது. அந்தத் தட்டின்மேல்தான் குட்டிக் காயில் உட்கார்ந்திருக்கிறது. அதன் இரண்டு மெல்லிய வயர்களும் தட்டு அசையும்போதெல்லாம் இருபது வருஷமாக மடங்கி நிமிர்ந்துகொண்டிருக்கின்றன.

மூடியைக் கழற்றி மீட்டரை மாட்டினேன். முள் அசையவில்லை. இணைப்பே இல்லை. ரப்பர் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் உருவி என் வாயில் வைத்து உறிஞ்சினேன். சூடான ரப்பரும் பெட்ரோல் கசப்பும் தொண்டை வரை போயின. தட்டு திரும்பியது. முள் எழுந்து ஒழுங்கான இடத்தில் நின்றது. வாயை எடுத்தேன், முள் விழுந்தது. மறுபடி உறிஞ்சினேன், எழுந்தது. வயரின் மேல்தோல் முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது தோல் விறைத்து இரண்டு நுனியையும் ஒட்ட வைத்துக்கொள்கிறது. சூட்டில் இளகிய தோல் தட்டு திரும்பிய நிலைக்கே வளைந்துகொள்வதால், தட்டு பழைய இடத்துக்கு வரும்போது நுனிகள் விலகிவிடுகின்றன. கடையில் ஆறிப்போன வண்டியில், தட்டை அசைக்காமல் நான் வைத்துப் பார்த்த மீட்டர் எப்படி இதைக் காட்டும்?

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த சந்தோஷம் ஆபத்தானது. கத்தியை எடுத்துவிட்டேன். தோலைச் சீவி, அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து, முறுக்கி, டேப் சுற்றினால் ஐந்து நிமிஷ வேலை. கோளாறு ஒழிந்தது. டீச்சர் முன்னால், சார் முன்னால், நான் யார் என்று காட்டிவிடலாம். கத்தி நுனியை வயரில் வைத்தும்விட்டேன்.

பின்சீட்டிலிருந்து அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. முன்னைவிட இடைவெளி கூடியிருந்தது.

வயர் குட்டையாகத்தான் இருக்கிறது, முறுக்க நீளம் போதாது. இருபது வருஷச் சூட்டில் வறண்ட வயர். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால், முறுக்கும்போது குட்டிக் காயிலின் அடியிலேயே முறிந்தால், இந்த வண்டி இங்கேயே செத்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைக்க இங்கே கரண்டும் இல்லை. இப்போதாவது ஏதோ ஒரு நிலையில் இந்த வயர் வேலை செய்கிறது. கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டேன். என் தொழிலில் நான் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று என்று நினைக்கிறேன்; செய்ததென்னவோ ஒன்றுமே இல்லை.

ஒரு செம்புக் கம்பி இழையை எடுத்து, எந்த நிலையில் முள் எழுந்து நிற்கிறதோ அந்த நிலையிலேயே தட்டை இழுத்துக் கட்டினேன். இனி காலை எடுத்தாலும் தட்டு அசையாது. பொறி முந்தி விழும், இன்ஜின் தட்டும், ஆனால் ஓடும். குழாயின் வாயை ஒரு திருகாணியால் அடைத்தேன். மூடியைப் போட்டுவிட்டு டீச்சரிடம் போனேன்.

“சரி பண்ணல டீச்சர். கட்டி வச்சிருக்கேன், அவ்வளவுதான். மேட்டுல டங் டங்குன்னு தட்டும், பயப்படாதிய. பைய அமுக்குங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் போவும்னு நெனைக்கேன். உறுதியாச் சொல்ல முடியாது.”

“நின்னா?”

“நின்னா அடுத்த பஸ்ஸை மறிச்சி, இந்தச் சீட்டைக் கழட்டி பஸ்ஸுக்குள்ள போட்டு, மேல துண்டை விரிச்சிப் படுக்க வச்சிக் கூட்டிட்டுப் போவோம். நாலு பேர் தூக்குவாங்க.”

“அது போதும்” என்றார் டீச்சர்.

சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் ஒருமுறை திமிறியது. பிறகு இன்ஜின் பிடித்துக்கொண்டது. முன்னீர்ப்பள்ளம், மேலப்பாளையம் என்று ஒவ்வொரு ஊரையும் எண்ணிக்கொண்டே வந்தேன். வேகத்தடையில் அவர் காலை எடுக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக் கேட்டேன். இன்ஜின் நிற்கவில்லை. மேட்டில் சல்லிக்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குவதுபோலத் தட்டியது. அந்தச் சத்தம் எனக்கு அன்று இனிமையாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. அதில் கிடத்தும்போது சார் என் சட்டையைப் பிடித்தார். குனிந்தேன்.

“வண்டியில கோளாறு இருக்குன்னு தெரிஞ்சி ரெண்டு மாசம் வந்தேன்வே. அதுல பயமில்ல. நீரு இல்லன்னு சொன்னீரு பாரும், அன்னைக்குத்தான் அவ தண்டவாளத்துல போயிக் கால எடுத்தா.”

அவ்வளவுதான் சொன்னார். கோபம்கூட இல்லை. அவர்கள் உள்ளே கொண்டுபோனார்கள்.

சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கு அங்கேயே உறைத்தது. முன்பெல்லாம் கேட் வந்தால் டீச்சர் எச்சரிக்கையாக அமுக்கிக்கொண்டே தாண்டியிருக்கிறார். எதனால் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் எப்படி என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். நான் நிச்சயம் என்று சொன்ன பிறகுதான் அந்த எச்சரிக்கையை விட்டார்.

அன்று இயந்திரம் முழு நேரமும் ஓடியது. சாயங்காலம் சார் ஒரு இட்லி சாப்பிட்டார் என்று டீச்சர் வந்து சொன்னார். நான் வண்டியைக் கடைக்குக் கொண்டுபோய், டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கி, அந்த இரண்டு வயரையும் வெட்டிப் போட்டுவிட்டு, நிறைய இழை கொண்ட மெல்லிய வயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு ஈயம் வைத்தேன். பழைய கறுப்புப் பெட்டியை மறுபடி மாட்டினேன். அதில் எந்தக் குறையும் இருந்ததில்லை. நல்ல பெட்டியைத்தான் கழற்றினேன் என்று டீச்சரிடம் சொன்னேன். பிறகு அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, சீராக ஓடவிட்டு, காலை எடுக்க வைத்து, மூன்று நாள் பார்த்தேன்.

உங்களுக்கு இப்போது கம்ப்யூட்டர் மாட்டினால் கோளாறின் நம்பர் வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்து வந்தவர் பாதியில் நிறுத்திய வாக்கியம் அதில் வராது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதன்பிறகு எந்த வண்டியைக் கொடுக்கும்போதும், “நிச்சயமா?” என்று யார் கேட்டாலும், நான் எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லப் பழகினேன். சிலர் திருப்தியில்லாமல் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும்.

சார் இன்னும் பத்து மாதம் இருந்தார். அந்தப் பத்து மாதமும் வண்டி வழியில் நிற்கவில்லை. இறந்தது வீட்டில், படுக்கையில்.

அதற்குப் பிறகு ஒருநாள் டீச்சர் பேட்டரி மாற்றக் கடைக்கு வந்தார். வேலை முடிந்ததும் கிளம்பாமல் நின்றார்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது. ரயில்வே கேட்டு வந்தா எனக்கு இன்னும் கால எடுக்க வரமாட்டேங்குது. மொதக் கியர்ல இரைச்சலோடதான் தாண்டுதேன். இப்பப் பின்னால யாரும் இல்ல, அவசரமும் இல்ல. இருந்தாலும் கால் வரல.”

எனக்குச் சிரிப்பு எங்கே வரும்? வயரை நான் மாற்றிவிட்டேன். இதற்கு என்னிடம் எந்தச் சாமானும் இல்லை.

“வாங்க டீச்சர்” என்று கடையைப் பாதி சாத்திவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். தச்சநல்லூர் கேட்டுக்குப் போனோம். மத்தியான நேரம், ரோடு காலியாக இருந்தது. முதல் தடவை இரைச்சலோடு தாண்டினார். திரும்பி வந்தோம். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை தண்டவாளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேட்கீப்பர் தன் அறை வாசலுக்கு வந்து, “என்னவே அண்ணாச்சி, வழி தவறிப் போச்சா?” என்று சத்தம் கொடுத்தார். கையை அசைத்தேன்.

ஐந்தாவது தடவை, மேடு ஏறியதும், டீச்சர் காலை எடுத்தார். இரைச்சல் அடங்கியது. வண்டி தன் போக்கில் மெதுவாக உருண்டு, முன் சக்கரம் ஒரு தண்டவாளத்தில் ஏறி இறங்கியது, அடுத்ததில் ஏறி இறங்கியது. இன்ஜின் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் இறங்கி ஓரமாக நிறுத்தியவர், ஸ்டீயரிங்கின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். நான் இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்.

“இன்னொரு தடவ போவோமா அண்ணாச்சி?” என்றார்.